மெமோவில் இருந்த சொல்

அஃப்ஷா அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஐந்து மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது. ஐந்து மணிக்கு ஆபீஸ் வேன் கிளம்பிவிடும். அதை விட்டால் பைபாஸ் வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஆம்பூர் பஜாருக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஷூ கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் அவளுக்கு அது இரண்டாவது வருஷம். வாணியம்பாடி காலேஜில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள். கம்பெனியில் யாருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். மேனேஜர் சம்பத்தே சென்னை ஹெட் ஆபீசுக்கு எதையும் அனுப்புவதற்கு முன்னால், "அஃப்ஷா பாத்துட்டாளா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அன்றைக்கு சூப்பர்வைசர் பூவரசன் அரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்த புகார் வந்திருந்தது. 'பையர் வந்திருந்த சமயம், தையல் பிரிவு மூன்றாவது லைனில் வேலை செய்யும் சௌந்தரம் என்பவர், என் மேஜையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு சத்தம் போட்டு அநாகரிகமாக நடந்துகொண்டார்.' பையர் என்றால் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் வரும் நாளில் செடிகளுக்குக்கூடத் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைப்பார்கள்.

"இங்கிலீஷ்ல ஒரு மெமோ அடிச்சிடும்மா. ஹெட் ஆபீசுக்கு காப்பி போவணும்" என்றார் சம்பத்.

அந்த மாதம் ஏற்கெனவே மூன்று மெமோக்களில் 'மிஸ்பிஹேவியர்' என்று எழுதியாகிவிட்டது. அதையே நான்காவது முறையும் எழுத அஃப்ஷாவுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் எடுப்பான சொல்லாக வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து 'அநாகரிகமான' என்று தட்டினாள். மேலே முதலாவதாக வந்து நின்றது, இன்டீசன்ட். 'இன்டீசன்ட் பிஹேவியர் இன் தி பிரசன்ஸ் ஆஃப் தி பையர்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஓசை நன்றாக இருந்தது. சம்பத் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் சௌந்தரத்துக்கு, ஒரு நகல் ஹெட் ஆபீசுக்கு, ஒரு நகல் நோட்டீஸ் போர்டுக்கு. அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போய் வேனைப் பிடித்துவிட்டாள்.

அந்தச் சொல்லின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பரீட்சையில் கேட்டிருந்தால் பிழையில்லாமல் எழுதியிருப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் பார்த்தது சொல்லைத்தான். அது யார்மேல் போய் விழப்போகிறது என்று பார்க்கவில்லை. சௌந்தரம் யார் என்றே அவளுக்குத் தெரியாது. எண்ணூறு பேர் வேலை செய்யும் இடம்.

திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் எச்.ஆர். ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீல ஏப்ரனைக் கழற்றாமல் வந்திருந்தாள். கையில் நான்காக மடித்த தாள்.

"மேடம், இத நீங்கதான் எழுதனதுன்னு சொன்னாங்க."

அஃப்ஷா தாளைப் பார்த்தாள். "டைப் பண்ணது நான்தான்க்கா. கையெழுத்து மேனேஜரோடது."

"இந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்?"

யாரோ பேனாவால் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். சௌந்தரத்தின் விரல் அந்தக் கோட்டின் மேல் நின்றது. ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி ஏறி ஆறிய பழைய தழும்பு.

"ஒழுங்கு... ஒழுங்கில்லாத நடத்தைன்னு அர்த்தம்க்கா."

"கம்பெனி பஸ்ல வேற அர்த்தம் சொல்றாங்க. என் பொண்ணும் வேற சொல்றா. அவ வேலூர்ல நர்ஸிங் படிக்கிறா, நேத்து வந்திருந்தா. போன்ல பாத்துட்டு, என்கிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரல. எழுதிக் காட்டினா. நீங்க எம்.ஏ. படிச்சவங்க. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அஃப்ஷா வாயைத் திறந்தாள். தமிழில் அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. தன் அம்மாவின் வயதில் இருக்கும் ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, நீ ஆபாசமாக நடந்துகொண்டாய் என்று எப்படிச் சொல்வது? பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்ப்பதுபோல இருந்தார்கள்.

சௌந்தரம் குரலை உயர்த்தாமல், "எழுதறப்ப வந்துச்சு, சொல்றப்ப வரலியா?" என்றாள். தாளை வந்த மடிப்பிலேயே மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வருகைப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இரண்டு நாளும் காலியாகக் கிடந்ததை அஃப்ஷா பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த பதினாறு வருஷத்தில் சௌந்தரம் எடுத்த லீவையெல்லாம் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். சொல்லாமல் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை மத்தியானம் தில்ஷாத் வந்தாள். மூன்றாவது லைனில் சௌந்தரத்துக்கு அடுத்த மெஷின்காரி. ஐந்து மாதக் கர்ப்பிணி. லீவுக்கு ஏதோ கேட்க வந்தவள்போல வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உர்தூவில் ஆரம்பித்தாள்.

பையர் வந்த அன்று காலை ஒன்பது மணிக்கே பெண்களுக்கான கக்கூஸைக் கழுவி, பினாயில் போட்டு, பூட்டிவிட்டார்களாம். பையர் பார்க்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. பத்து மணிக்கு முடிந்துவிடும் என்றார்கள். பையர் வந்ததே பன்னிரண்டு மணிக்கு. தில்ஷாத் மூன்று தடவை போய்ச் சாவி கேட்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் பூவரசன். ஒரு மணிக்கு மேல் அவளுக்கு அடிவயிறு பிடித்து இழுத்தது. மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டாள். அப்போதுதான் சௌந்தரம் எழுந்தாள். பையரும் மேனேஜரும் இரண்டாவது லைன் பக்கம் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துபோய் மேஜையிலிருந்த சாவியை எடுத்தாள். பூவரசன் தடுத்தபோது, "ஒண்ணுக்குப் போறதுக்கு எவன்கிட்டடா உத்தரவு வாங்கணும்?" என்று கத்தினாள். தில்ஷாத்தின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அவர்களுக்குப் பின்னாலேயே பதினைந்து பேர் போனார்கள்.

"அவ்ளோதான் நடந்துச்சு. இப்ப கம்பெனி பஸ்ல அவங்க ஏறினா பின்சீட்டுலேந்து 'இன்டீசன்ட் வந்தாச்சு, எடம் விடு'ன்னு கத்தறானுங்க. பையர் முன்னாடி சேலையத் தூக்கினான்னுகூட ஒருத்தன் கட்டிவிட்டுட்டான். எனக்காகப் பண்ணினாங்க. என்னால வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்ல முடியல." தில்ஷாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அஃப்ஷா சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அம்மா ஜஹீருன்னிசா விடவில்லை. என்ன, என்ன என்று கேட்டு வாங்கிவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழும் பஜாருக்குப் போதுமான அளவுதான். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ அவளை பத்தமீஸ்னு எழுதினியா, பேஷரம்னு எழுதினியா?"

மரியாதை தெரியாதவள் என்று எழுதினாயா, வெட்கம் கெட்டவள் என்று எழுதினாயா? அஃப்ஷாவின் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "யா அல்லா" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டு போனாள்.

அலமாரியில் காலேஜில் பரிசாகக் கொடுத்த பெரிய அகராதி இருந்தது. அஃப்ஷா அதை எடுத்துப் பிரித்தாள். அந்தச் சொல்லுக்கு முதலில் ஆபாசமான, அருவருக்கத்தக்க என்று இருந்தது. அடுத்து, தகாத. அதற்கும் கீழே, முறைக்கு மீறிய. உதாரணங்களும் இருந்தன. கணவன் செத்த பதினைந்தாம் நாள் அவசரமாக நடந்த மறுமணத்துக்கு அந்தச் சொல். தெருவில் துணியை அவிழ்த்துக் காட்டி ஜெயிலுக்குப் போனவனுக்கும் அதே சொல். ஒரே சொல்லுக்குள் அவ்வளவு தூரம் இருந்தது. ஆனால் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் அதை வைத்தால் ஆம்பூரில் யாரும் மூன்றாவது அர்த்தம் வரைக்கும் படித்துப் பார்க்கப்போவதில்லை.

மறுநாள் சம்பத்திடம் போனாள்.

"சார், அந்த மெமோல நான் தப்பான வார்த்தை போட்டுட்டேன். வாபஸ் வாங்கிட்டு வேற குடுக்கணும்."

சம்பத் கெட்டவர் இல்லை. யாருடைய வீட்டில் சாவு என்றாலும் முதல் மாலை அவருடையதாக இருக்கும். ஆனால் ஹெட் ஆபீஸ் என்றால் அவருக்குப் பயம். போனை எடுத்துத் தேடி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதோ பாரு, 'இம்ப்ராப்பர்'னும் போட்டிருக்கு. முறையில்லாத. அந்த அர்த்தத்துலதான் எழுதினோம். யாராச்சும் கேட்டா அப்படிச் சொல்லிக்கலாம்."

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அவங்களா ஒரு அர்த்தம் வெச்சுக்கிட்டாங்க."

"வெச்சுக்கிட்டா நாம இன்னாம்மா பண்றது? வாபஸ் வாங்கினா நாம தப்புன்னு ஆயிடும். அப்புறம் ஏன் வாபஸ்னு கேப்பாங்க. கக்கூஸ் கதை வெளிய வரும். பேஜார் புடிச்ச வேலை. நாலு நாள் போனா தானா அடங்கிடும்."

அடங்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சௌந்தரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஃப்ஷா பேரணாம்பட்டு பஸ் ஏறினாள். தில்ஷாத் வழி சொல்லியிருந்தாள். பேரணாம்பட்டுக்கு நான்கு ஸ்டாப் முன்னால் இறங்கி, மாந்தோப்பை ஒட்டின மண்பாதையில் கால்மணி நேரம் நடக்க வேண்டும். பங்குனி வெயில் தலையைப் பிளந்தது.

சௌந்தரம் ஷீட் போட்ட வீட்டின் வாசல் நிழலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அஃப்ஷாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போகவும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மகள் பூங்குழலி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். லீவுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, அந்த வார்த்தைய சூப்பர்வைசர் எழுதல. மேனேஜரும் சொல்லல. நான் போட்டது."

பூங்குழலிதான் பேசினாள். "தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?"

தெரியாமல் என்று சொல்லிவிட்டால் எளிதாக இருந்திருக்கும். வரும் வழியெல்லாம் அஃப்ஷா அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். "தெரியும். நல்லா இருக்குன்னு போட்டேன். யோசிக்கல" என்றாள்.

சௌந்தரம் கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். "பஸ்ல கத்தறவனுங்கள நான் பாத்துக்குவேன். எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமே கேக்கல. அதான் தாங்க முடியல. கேட்டிருந்தா நடந்ததச் சொல்லியிருப்பேன். எவனோ சொன்னதக் கேட்டுட்டு வந்து, சாப்ட்டு, பேசாம தோப்புக் காவலுக்குப் போய்ட்டாரு. மூணு நாளா அப்படியே போறாரு, வர்றாரு."

அஃப்ஷா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சொல் தவறு என்று ஹெட் ஆபீசுக்கு அவள் எழுதிவைத்த கடிதம். "இதுல மாத்தச் சொல்லி எழுதியிருக்கேன். 'இம்ப்ராப்பர்'னு போடலாம்னு."

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

"முறையில்லாத."

"புள்ளத்தாச்சிக்குக் கதவத் தொறந்துவிட்டது முறையில்லாததா?"

அஃப்ஷா யோசித்தாள். "'அன்பிகமிங்'னு ஒண்ணு இருக்கு. தகுதிக்கு ஒத்துவராததுன்னு..."

"யார் தகுதிக்கு?"

பூங்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அஃப்ஷா இன்னொரு சொல்லைச் சொன்னாள். அதற்கும் சௌந்தரம் அர்த்தம் கேட்டாள். கண்ணியக்குறைவு என்று சொன்னதும் தலையை ஆட்டினாள்.

"இத பாரும்மா. நான் கத்தினேன். சாவிய எடுத்தேன். அது உண்மை. அத எழுது. ஏன் எடுத்தேன்னும் எழுது. அதுக்கு மேல ஒரு பேரு வெக்கறது உன் வேலையும் இல்ல, உங்க மேனேஜர் வேலையும் இல்ல. படிக்கறவன் வெச்சுக்கட்டும்."

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அது கோபத்தில் வந்ததாகத் தெரியவில்லை. அஃப்ஷாவுக்கு அந்த வாசலில் கால் மடக்கி உட்காரத் தைரியம் வந்தது.

மெமோவுக்கு விளக்கம் கொடுக்க ஒவ்வொரு தொழிலாளிக்கும் பதினைந்து நாள் உண்டு. மெமோ அடித்த வியாழக்கிழமையிலிருந்து கணக்கு வைத்தாலும் இன்னும் நேரம் இருந்தது. பூங்குழலி நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். சௌந்தரம் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினாள். காலை எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், எத்தனை பேர் லைனில் இருந்தார்கள், தில்ஷாத் எத்தனை தடவை கேட்டாள், தான் கத்தின வார்த்தைகள் என்ன, எதையும் விடவில்லை. "'டா' போட்டேன், அதையும் எழுது" என்றாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே அஃப்ஷா ஆங்கிலத்தில் எழுதினாள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் பூங்குழலி போனில் தட்டிப் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகுதான் அடுத்த வரி. ஒரு இடத்தில் நிறுத்தினாள். "'டிமாண்டட்'னு எழுதியிருக்கீங்க. அது அதட்டிக் கேட்ட மாதிரி இல்ல? தில்ஷாத் கெஞ்சித்தானே கேட்டாங்க?" அஃப்ஷா அடித்துத் திருத்தினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் எழுதியதை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் படித்ததில்லை.

கிளம்பும்போது சௌந்தரம் ஒரு பொட்டலத்தில் புளி கட்டிக் கொடுத்தாள். "உங்கம்மாவுக்கு" என்றாள்.

திங்கட்கிழமை காலை அஃப்ஷா முதல் வேலையாக அந்த விளக்கத்தையும், 'அந்தச் சொல் என் பிழை' என்று தான் எழுதிக் கையெழுத்திட்ட அரைப்பக்கத்தையும் தபால் பதிவேட்டில் ஏற்றி, நம்பர் போட்டு, சீல் குத்தினாள். அதற்கப்புறம்தான் சம்பத் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் படித்து முடித்தபோது காதுமடல் சிவந்திருந்தது.

"நீ யாருக்கும்மா வேலை செய்யற?"

"கம்பெனிக்குத்தான் சார்."

"இத இப்படியே மேல அனுப்பினா என் கதி இன்னா, யோசிச்சியா? என் டேபிள்லயே வெச்சிருந்தா..."

"இன்வார்ட் நம்பர் போட்டாச்சு சார்."

நம்பர் ஏறின தாள் காணாமல் போனால் அது தனி வம்பு. சம்பத் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "பூட்டச் சொன்னது நான்தான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "பத்து மணிக்கு வந்துடுவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் மறந்தே போய்ட்டேன்." தாளின் மூலையில் 'டைரக்டர் பார்வைக்கு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

டைரக்டர் தன்சீல் அகமது வியாழக்கிழமைகளில் வருவார். சம்பத், பூவரசன், அஃப்ஷா மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். தாளில் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று மேலே இருந்த தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பூட்டு போட்டிருந்துச்சா?" என்று பூவரசனைக் கேட்டார்.

"சுத்தமா இருக்கணும்னு சொன்னாங்க சார்."

"எத்தன மணி நேரம்?"

பூவரசன் சம்பத்தைப் பார்த்தார். சம்பத் முந்திக்கொண்டார். "காலைல ஒன்பதுலேந்து அந்தம்மா தொறக்கற வரைக்கும் சார். நாலேகால் மணி நேரம். நான் சொல்லித்தான் பூட்டினாங்க."

தன்சீல் சாப் தாளைக் கீழே வைத்தார். மின்விசிறிக் காற்றில் அது பறக்கப் பார்த்தது, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "பையர் சாவி எடுத்தத மட்டும் பாத்துட்டுப் போய்ட்டான். இதப் படிச்சிருந்தா ஆர்டர் குடுப்பானா?" என்றவர், "என் மருமகளுக்கும் அஞ்சு மாசம்" என்றார். அவரை அசைத்தது பயமா, இரக்கமா என்று அஃப்ஷாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

மெமோ வாபஸ் என்று முடிவாயிற்று. இனிமேல் எந்தக் காரணத்துக்கும் கக்கூஸில் பூட்டுத் தொங்கக் கூடாது என்றும் ஆயிற்று. எல்லாரும் எழுந்தபோது அஃப்ஷா மட்டும் நின்றாள்.

"சார், வாபஸ்னு தமிழ்ல நோட்டீஸ் போடணும். லைன்ல படிச்சும் காட்டணும். அந்த மெமோவ எல்லாரும் பாத்தாங்க."

"யார் படிக்கறது?"

"நான்தான் சார்."

வெள்ளிக்கிழமை சௌந்தரம் வந்தாள். பூங்குழலி தொல்லை தாங்காமல்தான் வந்தேன் என்று தில்ஷாத்திடம் சொன்னாளாம். பத்தரை மணிக்கு மூன்று லைன்களிலும் மெஷின்களை நிறுத்தினார்கள். நூற்றிருபது மெஷின்கள் ஓடி நின்ற இடத்தில் திடீரென்று அமைதி வந்தபோது அஃப்ஷாவுக்குத் தன் மூச்சே சத்தமாகக் கேட்டது. மைக்கைப் பிடித்துப் படித்தாள்.

"தையல் பிரிவு சௌந்தரம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மெமோ திரும்பப் பெறப்படுகிறது. அன்றைக்கு அவர் பூட்டியிருந்த கழிவறையைத் திறந்தார். உடல்நிலை சரியில்லாத சக தொழிலாளிக்கு உதவினார். மெமோவில் அவரைப் பற்றி எழுதியிருந்த சொல் தவறானது. அதற்காக நிர்வாகம் வருத்தம் தெரிவிக்கிறது."

நோட்டீஸில் அவ்வளவுதான் இருந்தது. அவள் தாளை மடித்துவிட்டு, "அந்தச் சொல்ல எழுதினது நான். எல்லார் முன்னாடியும் சௌந்தரம் அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. சௌந்தரம் தன் மெஷினைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையிலிருந்து பட்டம்மாள் என்ற தையல்காரியின் குரல் வந்தது. "மேடம், இங்க சரியா காதுல விழல. இன்னொரு தடவ படிங்க."

விழுந்திருந்தது. எல்லாருக்கும் அது தெரியும். அஃப்ஷா முதலிலிருந்து மறுபடியும் படித்தாள், இந்தத் தடவை இன்னும் நிறுத்தி. படித்து முடித்தபோது தில்ஷாத் எழுந்து சௌந்தரத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உக்காருடி, வயித்துப் புள்ளைய வெச்சிக்கிட்டு" என்று சௌந்தரம் அதட்டினாள்.

அடுத்த வாரம் அஃப்ஷாவுக்கும் ஒரு மெமோ வந்தது. சம்பத்தே எழுதியது. 'நெக்ளிஜென்ட்' என்று இருந்தது. அலட்சியம். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். சொல் சரியாகத்தான் இருந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சம்பத் அதை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, "ஹெட் ஆபீஸ் கேட்டுச்சும்மா, எனக்கும் ஒண்ணு வந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடவில்லை.

பஸ்ஸில் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு வாரம் கழித்தும் பின்சீட்டிலிருந்து ஒருவன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். சௌந்தரம் எழுந்து அவன் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "அத தமிழ்ல சொல்லுப்பா. உங்க அம்மா காதுல விழற மாதிரி சொல்லு" என்றாளாம். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்காரர் கேட்டாரா என்று அஃப்ஷா ஒருநாள் தயங்கித் தயங்கி விசாரித்தாள். "நோட்டீஸ போட்டோ புடிச்சு, நாம எழுதின விளக்கத்தோட பொண்ணு காட்டினா. ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம், 'எவன்கிட்டடா'ன்னா கேட்ட, அப்படின்னு கேட்டுச் சிரிச்சாரு" என்றாள் சௌந்தரம். சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது.

சித்திரை பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணி அடித்த கொஞ்ச நேரத்தில் எச்.ஆர். ஜன்னலுக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. அஃப்ஷா எட்டிப் பார்த்தாள். சௌந்தரம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறேழு பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காகிதம். ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கூலிலிருந்து வந்த கடிதம், கோர்ட்டு முத்திரை போட்ட ஒரு கவர்கூட இருந்தது.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம வீட்ல வெச்சிருந்தாங்களாம்" என்றாள் சௌந்தரம். "நான்தான் இட்டாந்தேன். உனக்கு வேலை ஜாஸ்தியா இருந்தா சொல்லிடு, போய்டறோம்."

அஃப்ஷா திரும்பிச் சம்பத்தின் அறையைப் பார்த்தாள். அவர் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கி, சரி என்பதுபோலக் கையை அசைத்தார். அவள் மேஜைமேல் இருந்த ஃபைல்களைத் தரையில் இறக்கி வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. ஆனா எனக்கு அர்த்தம் சரியா தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்வேன். விசாரிச்சிட்டு மறுநாள் சொல்றேன்."

"அப்படியே சொல்லு" என்றாள் சௌந்தரம்.

பட்டம்மாள் முதலில் வந்து உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பலமுறை மடித்து நைந்துபோயிருந்த ஒரு தாளை மேஜைமேல் பிரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள். அஃப்ஷா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.